கம்பெனிக்கு எங்கள் ஊரில் ஒரு முகவரி வேண்டும்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
தலைவர் மற்றும் உறுப்பினர்கள், தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம்.

காரைக்குடி, 2026 பிப்ரவரி

ஐயா, அம்மா, வணக்கம்.

காரைக்குடி காலேஜ் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மத்தியானச் சாப்பாடு, ராத்திரி டிபன், சனி ஞாயிறு மட்டும் கறிக்குழம்பு. கல்லாவில் உட்காருவதும் கணக்கு எழுதுவதும் நான்தான். ஆப்பில் ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் வாசலில் எப்போதும் இரண்டு மூன்று பைக் நிற்கும். அந்த பைக்குகளை ஓட்டுகிற தம்பிகளைப் பற்றியும், அவர்களுக்கு வேலை கொடுக்கிற, ஆனால் வேலை கொடுப்பதாக ஒப்புக்கொள்ளாத கம்பெனிகளைப் பற்றியும்தான் இந்த மடல்.

ஆப் கம்பெனிகளை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பேச்சு எங்கு நடந்தாலும் சென்னை, கோவை, பெங்களூரு என்றே நடக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களில் இதே தொழில் வேறு மாதிரி நடக்கிறது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இருந்தாலும் எந்த ஆப் கம்பெனியும் இங்கே ஒரு மேஜை நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கு நேரம் மிச்சம். ஆப் வழியாக வேலை செய்கிற இந்தத் தம்பிகளைத்தான் கிக் தொழிலாளர்கள் என்கிறீர்கள், அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது நல்ல காரியம். அதற்கு முதுகெலும்பாகத் தனிச் சட்டம் ஒன்று வேண்டும். அந்தச் சட்டம், கம்பெனியின் சார்பில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளை மாவட்டந்தோறும் உட்கார வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், போன வருஷம் நடந்த ஒரு சங்கதி.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வீடு என்றால் முகப்பு ஒரு வீதியில் இருக்கும், பின்கட்டு அடுத்த வீதியில் போய் முடியும். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்வாசலில் இருக்கிறவருக்குக் கேட்காது. நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவே உள்ளே படுத்திருக்கும். இந்த வீடுகள் பலவற்றில் இன்றைக்கு இருப்பது வயதான ஓர் ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்காரம்மா. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வேலைக்காரம்மா வராத அன்றைக்கு, மகன் அங்கிருந்தபடியே ஆப்பைத் திறந்து அம்மாவுக்குச் சாப்பாடு ஆர்டர் போடுவார். எங்கள் மெஸ்ஸுக்கு இப்படி வருகிற ஆர்டர் கொஞ்சநஞ்சமில்லை. பில்லில் 'காரம் குறைச்சு, சாதம் குழைய' என்று குறிப்பு இருந்தால் புரிந்துகொள்வோம்.

அப்படி ஓர் ஆர்டர். கொண்டுபோனவன் கண்டனூர்ப் பக்கத்துப் பையன். மேப்பில் புள்ளி விழுந்த இடம் வீட்டின் பின்பக்கத்துச் சந்து. அங்கே போய் நின்றால் துருப்பிடித்த பூட்டு தொங்குகிறது. ஆப்பில் இருந்த நம்பர் வெளியூரில் இருந்த மகனுடையது. அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்தார் போல, எடுக்கவில்லை. பையன் கதவைத் தட்டினான், ஹாரன் அடித்தான், பக்கத்து வீட்டில் கேட்டான். அது மத்தியானம் ரெண்டு மணி, பங்குனி வெயில். முகப்புத் திண்ணையில் ஆச்சி தட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பையன் அந்த வீட்டுக்கே பின்னால் நிற்கிறான். ஆப்பில் 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று போட்டுவிட்டுப் பார்சலைத் திரும்ப எங்களிடம் கொண்டுவந்தான். நானே ஆள் விட்டு ஆச்சிக்குச் சாப்பாடு அனுப்பினேன், அது வேறு.

மகன் ராத்திரி கோபத்தில் புகார் போட்டிருக்கிறார். 'சாப்பாடு வரவில்லை, டெலிவரி ஆள் ஏமாற்றிவிட்டான்.' அவரைக் குறை சொல்ல மாட்டேன், அம்மா பட்டினி என்றால் யாருக்கும் கோபம் வரும். மறுநாள் காலையில் பையனின் ஐடி பிளாக். காரணம் என்ன என்று கேட்டால் சாட்டில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது. டீம் லீடர் என்று சேரும்போது ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள், மதுரைக்காரர். ஸ்விட்ச் ஆஃப். பையன் என்னிடம் வந்து, 'அக்கா, நான் உங்ககிட்டயே பார்சலத் திருப்பிக் குடுத்தேன்னு ஒரு லெட்டர் எழுதித் தாங்கக்கா' என்றான். மெஸ் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த லெட்டரை அவன் யாரிடம் கொடுப்பது?

இதுதான் என் கேள்வி, இதற்காகத்தான் இத்தனை நீளமாகச் சொன்னேன். பதிவுத் தபால் அனுப்பலாம் என்றால் கம்பெனியின் பதிவு அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. அங்கே இவனுடைய ஐடியைத் தேடி எடுக்கப் போகிறவர் யார்? சிவகங்கைக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டான். அங்கிருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறார், 'தம்பி, யார் மேல நோட்டீஸ் அனுப்புறது, உனக்கு முதலாளி யாருன்னு ஒரு காகிதம் காட்டு' என்றாராம். காகிதம் கிடையாது. சேரும்போது போனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தானை அமுக்கியதுதான் அவனுடைய நியமன உத்தரவு. அவன் அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது புதுவயலில் ஒரு ரைஸ்மில்லில் லோடு ஏற்றுகிறான். அந்த லெட்டர் அவன் பைக் டேங்க் கவரில் கிடந்து மழையில் நனைந்து போனது.

பெட்டிக்கடையில் வேலை செய்கிறவனுக்குக்கூட, 'வராதே' என்று சொல்ல ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்திடம் சண்டை போடலாம், கெஞ்சலாம், நாலு பேரைக் கூட்டிவந்து பேசலாம்.

இனி, அரசு இதுவரை செய்ததைப் பற்றி. 2023 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் அறிவித்து, அந்த வருஷ டிசம்பரிலேயே வாரியத்தை அமைத்தீர்கள். 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அது வருகிறது. ஆட்டோக்காரர், சலவைத் தொழிலாளி, சமையல்காரர் எல்லாரும் ஏற்கெனவே இருக்கிற குடும்பத்தில் இவர்களையும் சேர்த்தீர்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார் நிதியமைச்சர். விபத்தில் இறந்தால் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும் குழுக் காப்பீடும் அறிவிக்கப்பட்டது. சென்னையிலும் கோவையிலும் ஓய்வறைகள் கட்டுவதாகச் சொன்னீர்கள். அண்ணா நகரில் ஏசி போட்டுத் திறந்தும் விட்டீர்கள்.

நல்லது. ஆனால் இது அத்தனையும் யார் பணம்? மானியம் அரசுப் பணம், காப்பீடு அரசுப் பணம், ஓய்வறை மாநகராட்சிப் பணம். சம்பாதிக்கிறவர் ஒருவர், அடிபட்டால் மருந்து போடுகிறவர் இன்னொருவர் என்று இருந்தால் சம்பாதிக்கிறவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். (ஏசி ஓய்வறை எங்கள் ஊருக்கு வேண்டாம். பெரியார் சிலைப் பக்கம் ஒரு சுத்தமான கழிப்பறையும், குடிதண்ணீரும், போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்டும் இருந்தால் தம்பிகள் கும்பிடுவார்கள். ஓட்டுகிற பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஒதுங்க வேண்டுமென்றால் எங்கள் மெஸ்ஸுக்குத்தான் வருகிறார்கள்.)

ராஜஸ்தான் 2023-இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது, நாட்டிலேயே முதலாவது. ஆட்சி மாறியதில் அது கிடப்பில் போனது என்பதும் நமக்கு ஒரு பாடம்தான். பக்கத்துக் கர்நாடகம் 2025 மே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, ஆகஸ்டில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஓர் ஆளை நீக்குவதென்றால் காரணத்தை எழுதிக் கொடுத்து, 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓட்டுகிறவருக்குக் கொடுக்கிற தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணமாகக் கம்பெனி கட்ட வேண்டும். ஒரு டிரிப்புக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1 சதவீதம் என்பது 30 பைசா. 5 சதவீதமே போட்டாலும் ஒன்றரை ரூபாய்.

ஒன்றரை ரூபாய்க்குக் கம்பெனி திவாலாகிவிடும், சாப்பாட்டு விலை ஏறிவிடும் என்று யாராவது உங்களிடம் வந்து சொல்லத்தான் போகிறார்கள். ஆர்டர் போடுகிறவரிடம் கம்பெனி தனியாக வாங்குகிற பிளாட்ஃபார்ம் கட்டணத்தைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். 2023-இல் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்தது, இப்போது 10 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பைசா எனக்கும் வரவில்லை, ஓட்டுகிற தம்பிக்கும் போகவில்லை. அதற்காக யாரும் பசியை நிறுத்திவிடவும் இல்லை.

அடுத்து, 'நாங்கள் வெறும் இடைத்தரகர், கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு தொழில்நுட்பம், அவ்வளவுதான்' என்ற வாதம். கம்பெனிகளின் பிரம்மாஸ்திரம் இது. நான் பி.காம். படித்தவள், கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவள், அதனால் இதற்கு ஜிஎஸ்டியை வைத்தே பதில் சொல்கிறேன். 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக நான் விற்கிற சாப்பாட்டுக்கான 5 சதவீத வரியை நான் கட்டுவதில்லை. ஆப் கம்பெனிதான் கட்டுகிறது. கரண்டி பிடித்தது நாங்கள், வரி கட்டுவது அவர்கள். ஹோட்டல்களிடம் துரத்தி வசூலிப்பதைவிடக் கம்பெனியிடம் மொத்தமாக வாங்குவது எளிது என்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுசெய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரிக் கட்டணத்துக்கும் அதே கதை. ஜிஎஸ்டி பதிவில்லாத ஆள் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அதற்கான 18 சதவீத வரி கம்பெனியின் பொறுப்பு.

அதாவது வரி என்று வரும்போது, இந்த ஆர்டரை இன்ன கடையில் எடுத்து, இன்ன ஆள் கொண்டுபோய், இவ்வளவு வாங்கினார் என்று ஆர்டர் வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதை வைத்து வரி கட்டவும் செய்கிறார்கள். இடைத்தரகர் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. அதே கணக்கில் இன்னொரு பத்தி சேர்த்து, நல நிதிக்கு இவ்வளவு என்று எழுத மட்டும் முடியாதா? புதிதாக ஓர் அலுவலகம் வேண்டாம், புதிதாக ஒரு சாஃப்ட்வேரும் வேண்டாம். வசூலிக்கிற குழாய் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

நம் மாநிலத்துக்கு இது பழக்கமில்லாத காரியமும் இல்லை. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பிளான் அப்ரூவலுக்குப் போனால், கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டுகிறார்கள். கொத்தனாரும் சித்தாளும் அந்த வீட்டுக்காரரின் நிரந்தர ஊழியரா என்று யாரும் கேட்பதில்லை. வேலை நடக்கிறது, வேலை செய்கிறவர் இருக்கிறார், கட்டு, அவ்வளவுதான். 2021-இல் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதும் இதே அரசுத் துறைதான். அப்போதும் பெரிய கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இன்றைக்கு நாற்காலி இருக்கிறது. (சில கடைகளில் உட்கார விடுகிறார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.)

என் அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். அவர் சொல்லிக் கேட்டது: அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன நகரத்தார் கடைகளில், வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பார்கள். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போகும். லாபம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிடையாது, கணக்கு எழுதும்போதே எடுத்துவிட வேண்டும். கடையைப் பார்க்க அனுப்புகிற ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. சம்பளம் எவ்வளவு, எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் போகும்போதே எழுத்தில் இருக்கும். பர்மாவில் அந்த வட்டி யார் வயிற்றில் அடித்தது என்பது வேறு கதை, அதை மறைக்க நான் வரவில்லை. கடல் கடந்து, தபாலும் தந்தியும் மட்டுமே இருந்த காலத்தில், கண்காணாத ஊரில் வேலை பார்த்த ஆளுக்கு முதலாளி யார், விதி என்ன என்று தெரிந்திருந்தது. இன்றைக்குக் கையில் போன், போனில் மேப், மேப்பில் ஆள் நகர்வது அடிக்கு அடி தெரிகிறது. முதலாளியை மட்டும் காணோம்.

ஒன்றியச் சட்டம் வந்துவிட்டதே, மாநிலம் எதற்கு என்று கேட்கலாம். 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் வருஷ விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும், ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் வந்த வரைவு விதிகளைப் பார்த்தால், ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு 90 நாள், பல கம்பெனி என்றால் 120 நாள் வேலை செய்திருந்தால்தான் பலன். எங்கள் ஊரில் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அழகப்பா கல்லூரிகளில் படிக்கிற பையன்கள். சனி, ஞாயிறு, செமஸ்டர் லீவு என்று ஓட்டுகிறார்கள். விதைப்பும் அறுப்பும் முடிந்த பிறகு வந்து ஓட்டுகிற விவசாய வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 90 நாள் தேறாத ஆளுக்கும் லாரி அடித்தால் கால் உடையத்தான் செய்யும். அதோடு, ஐடி முடக்கம், காரணம் சொல்லாமை, ரேட்டை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றுவது, இதற்கெல்லாம் அந்தத் தொகுப்பில் மருந்து இல்லை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. கர்நாடகம் போட்டிருக்கிறது. நாம் ஏன் தயங்க வேண்டும்?

ரேட் என்றதும் சின்ன ஊருக்கே உரிய ஒன்று. சென்னையில் வேளச்சேரியில் பார்சலைக் கொடுத்த ஆளுக்கு அந்தத் தெருவிலேயே அடுத்த ஆர்டர் விழும். இங்கே கோட்டையூர் எல்லையில் போய்க் கொடுத்தால் திரும்பி வரும்போது வண்டி சும்மாதான் வரும். ஹோட்டல் எல்லாம் நூறடி ரோட்டிலும் செக்காலை ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் இருக்கிறது, சாப்பிடுகிறவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். போகிற தூரத்துக்குத்தான் காசு. திரும்பும் தூரத்துக்கான பெட்ரோல் ஓட்டுகிறவன் தலையில். ஊருக்கு ஏற்ற குறைந்தபட்ச ரேட், திரும்பும் தூரத்தையும் கணக்கில் எடுத்து நிர்ணயிக்கப்பட வேண்டும். வாரியத்தில் இதைப் பேச, சென்னைக்கு வெளியே ஓட்டுகிற ஒருவராவது உறுப்பினராக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். இல்லையென்றால் சேருங்கள்.

கொப்புடையம்மன் திருவிழா வந்தால் பாதி வீதியை அடைத்துவிடுவார்கள். மேப்புக்குத் திருவிழா தெரியாது. தேர் நிற்கிற வீதி வழியாக மூன்று நிமிஷத்தில் போ என்று அது சொல்லும். சுற்றிப் போனால் தாமதம், தாமதமானால் ரேட்டிங் குறையும், ரேட்டிங் குறைந்தால் இன்சென்டிவ் போகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் மனிதர் இல்லை. மாவட்டத்தில் ஒரு பொறுப்பாளர் இருந்தால், திருவிழாவுக்கு முதல் நாளே அவருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற விஷயம்.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு, மறைக்கவில்லை. நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் கிட்டத்தட்டக் கால் பங்கு கமிஷனாகப் போகிறது. அதற்கு மேல் தள்ளுபடி, விளம்பரம் என்று பிடிப்பார்கள். வாரக் கடைசியில் வருகிற செட்டில்மெண்ட் தாளில் ஒரு வரிக்குப் பொருள் கேட்டு நான் போட்ட மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை. நாமக்கல்லில் 2025 ஜூலையில் ஹோட்டல்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஆப் ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தது இந்த வயிற்றெரிச்சலில்தான். சொமாட்டோ, ஸ்விகி நிறுவனங்கள் ஹோட்டல்களை நடத்துகிற விதம் பற்றி விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. அந்த வழக்கு தில்லியில் நடக்கட்டும். மாநிலச் சட்டத்தில் எங்களுக்காக ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: நலக் கட்டணத்தை ஓட்டுகிறவர் வருமானத்திலிருந்தோ ஹோட்டலின் பங்கிலிருந்தோ பிடிக்கக் கூடாது. இந்த வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். அடுத்த மாதத் தாளில் 'அரசுக் கட்டணம்' என்று ஒரு புது வரி முளைத்திருக்கும்.

என் தம்பிமார் சிலர், 'அக்கா, ரொம்பச் சட்டம் பேசாதீங்க, நேரம் காலம் இல்லாம ஓட்டுற சுதந்திரம் போயிரும்' என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. காலேஜ் முடித்து ஆறு மணிக்கு லாகின் செய்து, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு லாக் அவுட் செய்கிற வசதி வேறு எந்த வேலையில் இருக்கிறது? அதனால் எல்லாரையும் மஸ்டர் ரோலில் ஏற்றுங்கள், எட்டு மணி நேரம் கட்டாயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசே ஓர் ஆப் நடத்தட்டும் என்று சிலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சர்வர் டவுன் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டாலும், பசிக்கிறவருக்குப் பழகாது. நேரம் அவர்கள் விருப்பப்படி இருக்கட்டும். விலக்கினால் காரணம் எழுத்தில் வரட்டும், அதை எதிர்த்துப் பேச சிவகங்கை மாவட்டத்துக்குள் ஓர் இடம் இருக்கட்டும், முடிவு வரும்வரை பழைய பாக்கி அவன் கணக்கில் ஏறட்டும்.

கம்பெனிகள் சொன்னால் கேட்காதவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். டிசம்பர் 25-லும் 31-லும் பல ஊர்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போன மாதம் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் கூப்பிட்டுப் பேசியதும், மளிகைச் சாமான் கொண்டுவந்து தருகிற பிளிங்கிட் ஆப், பத்து நிமிஷத்தில் டெலிவரி என்பதைத் தன் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டது. வாய் வார்த்தைக்கே இவ்வளவு பலன். ஆனால் வாய் வார்த்தையில் எடுத்ததை ஓசைப்படாமல் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம், யாரும் நீதிமன்றம் போக முடியாது. அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

மாவட்டப் பொறுப்பாளர் என்பது கம்பெனிக்குப் பெரிய செலவு என்று நான் நம்பவில்லை. கிளை ஆபீஸ் கட்டச் சொல்லவில்லை. ஓர் ஆள், அவர் பெயர், எடுக்கப்படுகிற ஒரு போன் நம்பர், தபால் வாங்கிக் கையெழுத்துப் போட ஓர் இடம். அவர் பெயரும் முகவரியும் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் பதிவாகி, வெளியே பலகையில் எழுதியிருக்க வேண்டும். நோட்டீஸை அவர் வாங்கினால் கம்பெனி வாங்கியதாக அர்த்தம் என்று சட்டத்தில் சொல்லிவிட வேண்டும். ஆளை நியமிக்காத கம்பெனி அந்த மாவட்டத்தில் ஆர்டர் எடுக்கக் கூடாது. ஹோட்டல் வைக்க நான் உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கி, அதைக் கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறது, கடை முகவரி இருக்கிறது. சாம்பாரில் பல்லி விழுந்தால் அதிகாரி நேரே என்னிடம் வருவார். எனக்கு உள்ள விதியைத்தான் அவர்களுக்கும் கேட்கிறேன்.

சட்ட வரைவு தயாரிக்கும்போது மாவட்டங்களில் கருத்துக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். சிவகங்கை மாவட்டக் கூட்டத்தைக் கலெக்டர் ஆபீஸில் காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள், அது ஓட்டுகிறவர்களுக்கு ஆர்டர் விழ ஆரம்பிக்கிற நேரம். காரைக்குடியில், சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தால் வருவார்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் எங்கள் மெஸ் மாடி காலியாகத்தான் இருக்கிறது. முப்பது பேர் உட்காரலாம். என்னுடைய இரண்டு வருஷத்துச் செட்டில்மெண்ட் தாள்களும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன், நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மெஸ் நடத்துகிற ஒருத்தி,
காலேஜ் ரோடு, காரைக்குடி.